ஐந்து நிமிடம் கேட்பதற்கு முன்

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், அடித்தள வடிவமைப்பில் ஒரு சந்தேகம் கேட்க ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். "ஐந்து நிமிடம்தான் சார்" என்று சொல்லியபடிதான் உள்ளே நுழைந்தேன். அவர் ஏதோ ஒரு கையெழுத்துப் படியைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் பேசத் தொடங்கியதும் பேனாவைக் கீழே வைத்தார். அதன் மூடியை மட்டும் விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சந்தேகம் மூன்றானது. அது அப்படியே என் அலுவலகக் கஷ்டங்கள்வரை நீண்டது. அவருடைய மனைவி இரண்டு முறை அறை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நான் எழுந்தபோது இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றுதான் அவர் வழியனுப்பினார். மூடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அந்த மூடியின் பொருள் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அவர் என்னை எழுந்து போகச் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார். நானோ, அவர் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று நான் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கட்டமைப்புப் பொறியாளர் என்று தெரிந்துவிட்டால் போதும்; சுவர் விரிசலின் படம் ஒன்று வந்துவிடும். கேட்பவர்கள்மீது எனக்கு வருத்தமே இல்லை. கேட்காமல் இருந்து வீட்டையோ வேலையையோ கெடுத்துக்கொள்வதைவிடக் கேட்பது எவ்வளவோ மேல். ஆனால் எப்படிக் கேட்பது என்பதை நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை. படிப்பில், தொழிலில், சொந்தக் காரியத்தில் முதல்முறையாக ஒரு வல்லுநரை அணுகப்போகிறவர்களுக்காக, இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை

2008ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெஸா லேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் போய்க் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்; ஐந்து பேர் நிரப்பித் தர வேண்டும். எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, பங்கேற்றவர்கள் சராசரியாக இருபது பேர் என்றார்கள். உண்மையில் பத்துப் பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது.

இந்த ஆய்வை எல்லோரும் "தைரியமாகக் கேளுங்கள், மனிதர்கள் உதவுவார்கள்" என்று ஊக்கம் தரும் செய்தியாகவே சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கணிப்பு ஏன் பிசகியது என்பதற்கு அந்த ஆய்வாளர்கள் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வது எவ்வளவு சங்கடமானது என்பதைக் கேட்பவர்கள் உணர்வதில்லை. எதிரில் இருப்பவருக்கு விருப்பம் இருந்ததால்தான் சம்மதித்தார் என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் மறுக்க வழி தெரியாமல்தான் சம்மதித்திருப்பார்.

இதை ஏற்றுக்கொண்டால் பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. "பிடிக்காவிட்டால் அவரே சொல்லட்டும்" என்று இருந்துவிட முடியாது. அவர் மறுப்பதற்கான வழியைத் திறந்துவைக்க வேண்டியது கேட்கிற நம்முடைய வேலை. கீழே நான் சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

முதல் படி: உங்கள் பங்கை முடித்துவிட்டுப் போங்கள்

1684 ஜனவரியில் எட்மண்ட் ஹாலி, ராபர்ட் ஹூக், கிறிஸ்டோபர் ரென் ஆகிய மூன்று அறிவியல் அறிஞர்களும் லண்டனில் ஒரு கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். சூரியனின் ஈர்ப்பு, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்றால், கோள்கள் எந்தப் பாதையில் செல்லும்? இரண்டு மாதத்துக்குள் நிரூபணம் கொண்டுவருபவருக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள புத்தகம் பரிசு என்றார் ரென். யாரும் கொண்டுவரவில்லை. ஹாலி தானும் முயன்று பார்த்தார்; முடியவில்லை. அதன் பிறகுதான் ஆகஸ்ட் மாதம் கேம்பிரிட்ஜுக்குப் போய் நியூட்டனிடம் அந்தக் கேள்வியை வைத்தார். நீள்வட்டம் என்று உடனே பதில் வந்தது. கணக்கிட்டு வைத்திருந்த தாளைத் தேடிய நியூட்டனுக்கு அது கிடைக்கவில்லை; மீண்டும் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். நவம்பரில் ஒன்பது பக்கங்கள் வந்துசேர்ந்தன. அந்த ஒன்பது பக்கங்கள்தான் வளர்ந்து 1687இல் நியூட்டனின் பெரும் நூலாக வெளிவந்தன.

நியூட்டன் எளிதில் மனம் திறக்கிற மனிதர் அல்லர். அவரிடமிருந்தே பதில் பெற முடிந்ததற்குக் காரணம், ஹாலி கொண்டுபோன கேள்வி பல மாதம் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கப்பட்டிருந்ததுதான். "வானியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தாருங்கள்" என்று அவர் போய் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கு ஏழு மாதம் தேவையில்லை. கேள்வியின் எடைக்கு ஏற்ப ஒரு மணி நேரமோ ஒரு மாலைப்பொழுதோ ஒதுக்குங்கள். பாடநூலில், அரசு இணையதளத்தில், கருவியோடு வந்த கையேட்டில், அந்த வல்லுநரே முன்பு எழுதிய கட்டுரையில் தேடுங்கள். தேடியதைச் சுருக்கமாகக் குறித்து வையுங்கள்: எங்கே பார்த்தேன், என்ன புரிந்தது, எந்த இடத்தில் முட்டி நின்றேன். இந்த மூன்று வரிகளே பிறகு உங்கள் கேள்வியின் முதுகெலும்பாகிவிடும். பாதிக் கேள்விகள் இந்தக் குறிப்பை எழுதும்போதே தீர்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்ல வேண்டும். "எல்லாவற்றையும் நானே கண்டுபிடித்துவிட்டுத்தான் கேட்பேன்" என்று நாட்களைக் கரைப்பதும் தவறு. ஒதுக்கிய நேரம் தீர்ந்ததும் கேட்டுவிடுங்கள். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்று தோன்றினால் இந்தப் படியைத் தாண்டி உடனே அழைக்கலாம். தூண் பிளந்து கம்பி தெரிகிற வீட்டில் உட்கார்ந்து யாரும் கட்டுரை தேட வேண்டாம்.

இரண்டாம் படி: எதைக் கேட்கிறீர்கள் என்று உங்களுக்கே தெளிவாகட்டும்

"ஒரு கருத்து சொல்லுங்கள்" என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் ஐந்தாறு வேறு வேறு தேவைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு தகவல் வேண்டும்; அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். இரண்டு வழிகளில் எது நல்லது என்று அவருடைய தீர்ப்பு வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் யோசிக்க வேண்டியிருக்கலாம். நாற்பது பக்க அறிக்கையைப் படித்துப் பிழை சொல்ல வேண்டும். அது ஒரு முழு நாள் வேலை. இன்னொருவரிடம் அறிமுகம் வேண்டும். அதற்கு அவர் தன் பெயரையே பணயம் வைக்கிறார். மாதந்தோறும் வழிகாட்ட வேண்டும்; அது ஓர் உறவு.

மூன்றாவதைக் கேட்க நினைத்துக்கொண்டு முதலாவதைப் போலக் கேட்பதுதான் புதியவர்கள் அறியாமல் செய்கிற பெரிய பிழை. "சும்மா ஒரு பார்வை பாருங்கள்" என்று கோப்பை அனுப்பிவிடுகிறோம். திறந்தவருக்குத்தான் தெரியும், ஒரு பார்வையில் அதில் ஒன்றும் பிடிபடாது என்று. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்ல அவருடைய மனசாட்சி இடம் தராது. முழுதாகப் படிக்க நேரமும் இல்லை. அந்தக் கோப்பு அவர் தலைமேல் பாரமாக உட்கார்ந்துவிடும். கேட்பது பெரிது என்றால் பெரிது என்றே சொல்லிக் கேளுங்கள். அல்லது அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரித்து, "இந்தப் பக்கத்தில் இருக்கும் சுமைக் கணக்கு மட்டும் சரியா" என்று சிறிதாக்கிக் கேளுங்கள்.

கூடவே இன்னொன்று. நீங்களாகவே ஒரு தீர்வை முடிவுசெய்துகொண்டு, அந்தத் தீர்வைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "விரிசலை அடைக்க எந்தப் பசை நல்லது?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு நாள் பசைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள்தான், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஆறு மாதம் முன்பு ஆழமாகப் பள்ளம் தோண்டிய கதை வெளியே வந்தது. பசைக்கும் அந்த விரிசலுக்கும் சம்பந்தமே இல்லை. மண் இறங்கிக்கொண்டிருந்தது. முதலிலேயே "சுவரில் விரிசல் விடுகிறது, காரணம் தெரிய வேண்டும், பசை பூசலாம் என்று நினைத்தேன்" என்று சொல்லியிருந்தால் இருவருக்கும் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் படி: கேள்வியை எழுதுவது

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். எனக்கு வந்த இரண்டு செய்திகளை, அடையாளம் தெரியாதபடி மாற்றிக் கீழே தருகிறேன்.

முதலாவது: "வணக்கம் சார்." அவ்வளவுதான். நான் பதில் வணக்கம் சொன்ன பிறகு, "பிஸியா சார்?" பிறகு மங்கலான ஒரு படம். பிறகு, "இது ஆபத்தா?"

படத்தில் ஒரு வெள்ளைச் சுவரும் அதில் ஒரு கோடும் தெரிந்தன. அது படுக்கையறையா, வெளிச்சுவரா, மேல் தளமா? கோட்டின் அகலம் அரை மில்லிமீட்டரா, ஐந்து மில்லிமீட்டரா? பக்கத்தில் அளவு காட்டும் பொருள் எதுவும் இல்லாத படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவது என்றால் பெரும்பாலும் பூச்சுச் சுருங்கியதோடு போய்விடும், இரண்டாவது என்றால் நான் நேரில் வந்து பார்க்கச் சொல்வேன். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க ஒரு மாலை போனது. அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. பயத்தில் இருந்தார், பாவம். எதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, ஒரு பெண்மணி அனுப்பியது:

"வணக்கம் சார். உங்களோடு முன்பு வேலைசெய்த என் அண்ணன் உங்களிடம் கேட்கலாம் என்றார். எங்கள் வீடு 12 ஆண்டு பழையது, இரண்டு தளம், செங்கல் சுவர். கீழ்த்தள ஜன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் போகிறது. உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் தெரிகிறது. மூன்று மாதம் முன்பு அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். இப்போது ஒரு முனை 4 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. அளவுகோல் வைத்து எடுத்த இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: இதற்குக் கட்டணம் கொடுத்து ஒரு பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டுமா, இன்னும் சில மாதம் கவனிக்கலாமா? இந்த வாரம் முடியாவிட்டாலும், இதைப் பார்ப்பது உங்களுக்குச் சரிப்படாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வரி சொன்னால் நான் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தச் செய்திக்கு நான் நான்கு நிமிடத்தில் பதில் எழுதினேன். அழைத்துப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றேன். அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் கட்டடப் பொறியியல் படித்தவர் அல்லர். கையில் ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தன.

அந்தச் செய்தியில் இருந்தவற்றை உங்கள் துறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தான் யார், எந்த வழியில் வந்தார் என்பதை ஒரு வரியில் சொன்னார். நிலைமையைச் சொன்னார். தான் செய்ததைச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதுவும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கடைசியாக, வெளியே போகும் கதவைத் திறந்துவைத்தார். கணினி நிரலில் சந்தேகமா? என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பிழைச்செய்தியின் முழு வாசகம் என்ன என்பதை எழுதுங்கள். பிழையைக் காட்டப் போதுமான சில வரிகளை மட்டும் வெட்டி அனுப்புங்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகமா? சொல்லை மட்டும் தூக்கி அனுப்பாமல், அது வருகிற முழு வாக்கியத்தையும் அனுப்புங்கள்.

எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் வாழ்க்கை வரலாறு நீண்டிருந்தால் வெட்டுங்கள். "தங்களைப் போன்ற மாமேதை" என்று தொடங்கியிருந்தால் அதையும் வெட்டுங்கள். அளவுக்கு மீறிய புகழ்ச்சி எதிரில் இருப்பவரைக் கடன்பட்டவராக்குகிறது. உண்மையிலேயே அவருடைய வேலை ஏதேனும் உங்களுக்கு உதவியிருந்தால், எது, எப்படி என்று ஒரு வரியில் சொல்லுங்கள். அது போதும்.

நான்காம் படி: நேரமும் வழியும்

முதல் தொடர்பை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி மணி, அடுத்தவரின் கையிலிருக்கும் வேலையை அந்தக் கணமே கீழே வைக்கச் சொல்கிறது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் "கவனத்தின் மிச்சம்" என்ற பொருள்படும் பெயரால் விளக்கினார். ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்வது பேசிய நிமிடங்களை மட்டும் அல்ல. அவர் மீண்டும் தன் வேலைக்குள் மூழ்கப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான். எழுதி அனுப்பினால் அவர் தனக்கு வசதியான நேரத்தில் எடுத்துப் பார்ப்பார்.

வணக்கம் என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். பழக்கமில்லாதவருக்கு நீண்ட குரல்பதிவு அனுப்பாதீர்கள். அவரால் அதை மேலோட்டமாகப் புரட்டிப் பார்க்க முடியாது. அலுவலக மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதிலேயே எழுதுங்கள். எங்கிருந்தோ தனிப்பட்ட எண்ணைத் தேடிப் பிடித்து அழைப்பது, முன்கதவு இருக்கும்போது பின்சுவர் ஏறிக் குதிப்பதுபோல. விழாவிலோ துக்க வீட்டிலோ ஒரு மருத்துவரைப் பார்த்தால் அவர் அங்கே மருத்துவராக வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: மறுக்கும் வழியைத் திறந்துவையுங்கள்

"உங்களால் மட்டும்தான் முடியும்", "உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்", "இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்." இந்த மூன்றும் அன்பாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் மூன்றும் கதவைப் பூட்டுகின்றன. உறவினர், பழைய மாணவர், மேலதிகாரியின் மகன் என்று வரும்போது பூட்டு இன்னும் இறுகிவிடுகிறது. பொதுவான நண்பர் ஒருவரை வைத்துச் சொல்லச் சொல்வதும், பத்துப் பேர் இருக்கும் குழுவில் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்பதும் அதே வகைதான். அவர் மறுத்தால் எல்லோர் முன்னிலையிலும் மறுக்க வேண்டியிருக்கும்.

வழியைத் திறந்துவைக்க எளிய சொற்களே போதும். "இப்போது முடியாது என்றால் ஒரு வரி சொல்லுங்கள், போதும்." "இதற்கு வேறு யாரையாவது பார்க்கலாம் என்றால் அதைச் சொன்னாலும் எனக்குப் பெரிய உதவி." "பதில் வராவிட்டால் உங்களுக்கு நேரமில்லை என்று புரிந்துகொள்வேன்." இவற்றில் மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது மறுப்பை எழுதுகிற வேலையைக்கூட அவர்மீது சுமத்துவதில்லை. ஆனால் எழுதினால் மனதாரக் கடைப்பிடிக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டு மூன்றாம் நாளே "பார்த்தீர்களா?" என்று கேட்டால் திறந்த கதவை நீங்களே சாத்தியதாகிவிடும்.

கட்டணம்

இதற்கு மட்டும் படி எண் போட மனம் வரவில்லை, ஏனென்றால் எந்தப் படியிலும் இது குறுக்கிடலாம். தன் ஓவியத்தை இழிவாக எழுதிய விமர்சகர் ரஸ்கின்மீது ஓவியர் விஸ்லர் தொடர்ந்த வழக்கு 1878இல் லண்டனில் விசாரணைக்கு வந்தது. இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கினார். இல்லை, ஒரு வாழ்நாளின் அறிவுக்காகக் கேட்கிறேன் என்று விஸ்லர் பதில் சொன்னார். உங்கள் விரிசல் படத்தைப் பார்க்க எனக்கு நான்கு நிமிடம்தான் ஆகிறது என்றால், அந்த நான்கு நிமிடத்துக்குப் பின்னால் இருபது ஆண்டுச் சுவர்கள் நிற்கின்றன.

ஆகவே, அவர் அந்த அறிவைக் கொண்டுதான் பிழைக்கிறார் என்றால், கட்டணத்தைப் பற்றி நீங்களே முதலில் பேசுங்கள். "இது கட்டணத்துக்குரிய ஆலோசனை என்றால் எவ்வளவு என்று சொல்லுங்கள், அதன்படி செய்வோம்" என்பது அவமதிப்பு ஆகாது. "இதற்குப் பணம் கேட்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்வார்களா" என்று அவர் மனத்துக்குள் குமைய வேண்டிய சங்கடத்தை நீங்கள் நீக்குகிறீர்கள். கையில் பணம் இல்லையென்றால் அதையும் நேர்மையாகச் சொல்லலாம். மாணவர் என்று தெரிந்தால் மனமுவந்து நேரம் தருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேண்டாதது ஒன்றுதான்: இலவசமாகப் பேசத் தொடங்கி, ஒவ்வொரு கேள்வியாகச் சேர்த்து, கடைசியில் முழு வேலையையும் வாங்கிக்கொள்வது.

ஆறாம் படி: காத்திருப்பது

1812இல் மைக்கேல் ஃபாரடேவுக்கு 21 வயது. புத்தகம் கட்டும் தொழிலைக் கற்ற இளைஞர். அறிவியலில் ஏதேனும் வேலை கிடைக்காதா என்று ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார்; பதில் இல்லை. அவர் மீண்டும் மீண்டும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்திருந்த குறிப்புகளைச் சுத்தமாக எழுதினார். சுமார் 300 பக்கம். தன் கையாலேயே அட்டை கட்டி டேவிக்கு அனுப்பினார். டிசம்பர் 24ஆம் தேதி டேவி பதில் எழுதினார்: வெளியூர் போகிறேன், ஜனவரி கடைசியில் திரும்புவேன், பிறகு பார்க்கலாம். ஃபாரடே காத்திருந்தார். சந்தித்தபோதும் வேலை எதுவும் காலியில்லை. புத்தகம் கட்டும் தொழிலையே விடாமல் செய்யும்படிதான் டேவி சொன்னார். பிறகு ஆய்வக உதவியாளர் ஒருவர் நீக்கப்பட்டபோது டேவிக்கு நினைவுக்கு வந்த பெயர் ஃபாரடே. 1813 மார்ச் 1ஆம் தேதி அவருக்கு வேலை கிடைத்தது.

நமக்கும் அதே ஒழுங்குதான். ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு முறை, மென்மையாக நினைவூட்டுங்கள். பழைய செய்தியைத் தேடவைக்காமல் கேள்வியை அதிலேயே மறுபடியும் வைத்து. அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே பதில். செய்தி படிக்கப்பட்டதற்கான குறி விழுந்துவிட்டதே என்று கணக்கெடுக்காதீர்கள். ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அனுப்பி, ஐந்து பேரையும் தனித்தனியே உழைக்கவைப்பதும் நியாயமில்லை. அப்படிக் கேட்டே ஆக வேண்டுமென்றால் "வேறு இருவரிடமும் கேட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். விடை கிடைத்ததும் மற்றவர்களுக்கு உடனே தெரிவியுங்கள்.

ஏழாம் படி: நேரம் கிடைத்துவிட்டால்

கால் மணி நேரம் கேட்டிருந்தால் பன்னிரண்டாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். "நான் கேட்ட நேரம் முடியப்போகிறது சார், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கு மேலும் பேச விருப்பமிருந்தால் அவரே உட்காரச் சொல்வார். அப்போதும் அவர் கைகளைப் பாருங்கள். நான் அன்று அந்த மூடியைப் பார்த்திருக்க வேண்டும்.

சொல்வதைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள். குரலைப் பதிவு செய்வதென்றால் அனுமதி கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் எதிர்பார்த்தது இல்லை என்றால் அங்கேயே வாதாடத் தொடங்காதீர்கள். புரியாத இடத்தை மட்டும் கேளுங்கள். ஏற்பதும் விடுவதும் வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் உரிமை.

எட்டாம் படி: மறுத்துவிட்டால்

"நன்றி சார், நேரம் எடுத்துப் பதில் சொன்னதற்கு மகிழ்ச்சி." முடிந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். காரணம் பலவாக இருக்கலாம். சிலவற்றை அவர் வெளியே சொல்லவும் முடியாது. நேரில் பரிசோதிக்காத ஒருவரைப் பற்றித் தொழில்முறைக் கருத்து வெளியிடுவது முறையற்றது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதியே வகுத்திருக்கிறது. வழக்கறிஞர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரியை நம்பி யாராவது நஷ்டப்பட்டால் பொறுப்பு அவர் தலையில் விழக்கூடும். நானும் படத்தை மட்டும் பார்த்து "பயமில்லை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. மறுப்பில் பெரும்பகுதி இப்படிப் பொறுப்புணர்விலிருந்து வருவதுதான். வெறும் களைப்பு என்றாலும் அதுவும் போதுமான காரணமே.

ஒருமுறை மறுத்தவரை என்றைக்குமாக மறுத்தவர் என்று பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம். இன்னொரு சமயம், இன்னொரு கேள்வியோடு, அதே மரியாதையோடு போகலாம்.

ஒன்பதாம் படி: பெற்ற பிறகு

இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நன்றி சொல்கிறார்கள்; ஆனால் என்ன ஆனது என்று சொல்வதில்லை. அறிவைத் தருகிறவருக்கு நன்றியைவிடப் பெரிய மகிழ்ச்சி, தான் சொன்னது பலித்ததா என்று அறிவதில் இருக்கிறது. சொன்னது தவறாகப் போயிருந்தாலும் சொல்லுங்கள். அடுத்து கேட்பவருக்கு அவர் இன்னும் சரியாகச் சொல்வார். அந்தத் தகவலை எங்காவது எழுதினால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் எழுதுங்கள். சார்ல்ஸ் டார்வின் உலகெங்கும் புறா வளர்ப்போர், தோட்டக்காரர், மருத்துவர் என்று பலரிடமும் கடிதத்தில் கேட்டுக் கேட்டுத் தகவல் சேர்த்தவர். அவர் எழுதியதும் பெற்றதுமாக இன்று 15,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் அறியப்படுகின்றன. தகவல் தந்தவர்களில் பலரை அவருடைய நூல்களில் பெயரோடு பார்க்கலாம்.

அவருடைய எண்ணை, கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். "நல்ல மனிதர், நீங்களும் கேளுங்கள்" என்று நீங்கள் நல்லெண்ணத்தில் கொடுப்பதுதான். அவருக்கோ ஒரு வாரத்தில் பத்து அழைப்புகள் வரும். உங்களுக்கென்று எழுதிய பதிலைப் படமெடுத்துக் குழுக்களில் போடாதீர்கள். உங்கள் வீட்டுச் சுவருக்குச் சொன்னது அடுத்த வீட்டுச் சுவருக்குப் பொருந்தாது.

அந்தப் பெண்மணியிடமிருந்து ஓராண்டு கழித்து ஒரு செய்தி வந்தது. பொறியாளர் வந்து பார்த்தார், மூலையில் கழிவுநீர்க் குழாய் உடைந்து மண் கரைந்திருந்தது, சரிசெய்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு படம். சுவரில் அளவுகோல், அதன் அருகே புதிதாகப் போட்ட பென்சில் கோடு, பக்கத்தில் வரிசையாக நான்கு தேதிகள். விரிசல் எல்லாத் தேதிகளிலும் அதே கோட்டில் நின்றிருந்தது. "பதில் எழுத வேண்டாம் சார், தெரிந்துகொள்ளத்தான் அனுப்பினேன்" என்று முடித்திருந்தார். நான் எழுதினேன்.